பூமலருக்குச் சொல்லாமல் விட்டது

கண்டல்வாடி மாதா கோயிலின் பங்குச்சபைக் கூட்டத்தில் எமரென்சி ரீச்சர் மேசையில் ஓங்கி அடித்தார் என்ற செய்தி அன்று மத்தியானத்துக்குள் மாம்புரி வரைக்கும் போய்விட்டது. கேட்டவர்களில் பாதிப்பேர் நம்பவில்லை. இருபத்தாறு வருடம் கணக்குப் படிப்பித்தவர், வகுப்பில் ஒரு பிள்ளையைக்கூட அதட்டியறியாதவர், கோப்பையெல்லாம் துள்ள மேசையில் அடித்தாராம் என்றால் யார்தான் நம்புவார்கள்? ஆனால் அடித்தது உண்மைதான். அடித்த கை அன்று முழுக்கக் கடுத்தது. அதைவிட அதிகமாக மனம் கடுத்தது.

எமரென்சியா குரூஸுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. கல்யாணம் கட்டவில்லை. கிழமை நாட்களில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுபிள்ளைகளுக்கு மறைக்கல்வி. அதோடு, வேறு சமயத்தில் பிறந்து கத்தோலிக்கராக விரும்பி வரும் பெரியவர்களுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் கோயில் மண்டபத்தில் வகுப்பு எடுப்பார். கண்டல்வாடி சின்ன ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புநீர்க் களப்பு, நடுவில் தென்னையும் வெங்காயத் தோட்டமும். இந்த ஊரில் அந்த வகுப்புக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் வந்தாலே பெரிய காரியம்.

ரீச்சருக்கு மெரிட்டா என்று ஒரு தங்கை உண்டு. இருபது வருடத்துக்கு முன் மெரிட்டா ஒரு பௌத்தப் பையனை விரும்பினாள். சிலாபத்தில் பதிவுத் திருமணம் செய்யப் போவதாகச் சொன்ன அன்று, ரீச்சர் வீட்டு நடுவில் நின்று திருச்சபையின் சட்டத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சொன்னார். சொன்னதில் பிழை இல்லை. ஆனால் உரிய அனுமதி வாங்கினால் அதே பையனைக் கோயிலிலேயே கட்டலாம் என்பதும் அதே சட்டத்தில்தான் இருந்தது. அந்த வழியைச் சொல்வதற்குள் தங்கை அழுதுகொண்டு பஸ் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு நத்தார் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ரீச்சருக்குக் கடினமான எதையும் யாருக்கும் சொல்லப் பயம். வாயெடுத்தால் தங்கையின் முகம் வந்து குறுக்கே நிற்கும். அந்தப் பயத்துக்கு அவர் அன்பு என்று பெயர் வைத்திருந்தார்.

பூமலர் வகுப்புக்கு வந்தபோது அந்தப் பயம்தான் வேலை செய்தது.

பூமலர் உடப்பில் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். மாம்புரியில் மைமூனா உம்மாவின் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்க வந்த இடத்தில் கிளமென்ற் என்ற கடற்றொழிலாளியோடு பழக்கமானாள். கிளமென்ற் ஏற்கெனவே கோயிலில் வைத்துத் திருமணம் செய்தவன். கட்டிய பெண் எட்டு மாதத்தில் இத்தாலிக்குப் போனாள். போனவள் வரவேயில்லை, அங்கேயே ஒருவனோடு குடும்பமாகிவிட்டாள். கிளமென்றும் பூமலரும் சேர்ந்து வாழத் தொடங்கி இரண்டு பிள்ளைகளும் பிறந்தார்கள். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாகிவிட்டது.

ஒருமுறை எஞ்சின் பழுதாகிக் கிளமென்றின் படகு இரண்டு நாள் கடலில் நின்றது. ஊர்ச்சனம் பூமலரின் முற்றத்தில் கூடியிருந்து செபமாலை சொன்னது. மூன்றாம் நாள் காலை அவன் கரை சேர்ந்தான். அடுத்த சனிக்கிழமை பூமலர் மண்டபத்து வாசலில் வந்து நின்றாள்.

"ரீச்சர், அண்டைக்கு நீங்க எல்லாரும் கதைச்சது ஆரோட? எனக்கும் அவரோட கதைக்கோணும்."

அவளைப்போல ஒரு மாணவி ரீச்சருக்கு வாய்த்ததில்லை. எதையும் சும்மா ஏற்றுக்கொள்ள மாட்டாள். காணாமற்போன ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பனின் கதையைச் சொன்னபோது, "அப்ப மற்றத் தொண்ணூத்தொம்பதையும் ஆர் பாத்தது?" என்று கேட்டாள். சிலுவையைப் பற்றிப் படித்த அன்று ஒன்றும் கேட்காமல் எழுந்து போய், அடுத்த கிழமை வந்து, "வெள்ளிக்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடல்ல" என்றாள்.

இரண்டாம் மாதமே ரீச்சருக்கு விஷயம் விளங்கிவிட்டது. கிளமென்றின் முதல் திருமணம் பதிவேட்டில் அப்படியே நிற்கிறது. அது செல்லாத திருமணம் என்று மறைமாவட்ட நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்புச் சொன்னாலொழிய அவன் பூமலரைக் கோயிலில் கட்ட முடியாது. அது சரியாகாமல், இன்னொருத்தியின் கணவனோடு வாழ்பவளாகவே எண்ணப்படும் அவளுக்கு ஞானஸ்நானமும் கொடுக்க முடியாது. இதை அப்போதிருந்த பங்குத்தந்தையிடம் சொன்னார். அவர் மாற்றலுக்குக் காத்திருந்தவர். "பாப்பம் ரீச்சர், இன்னும் நாள் கிடக்குத்தானே" என்றார்.

பங்குச்சபைச் செயலாளர் மனுவேலிடம் சொன்னார். மனுவேலுக்கு அறுபது வயது, இரண்டு படகு, நல்ல குரல், யாரையும் முகம் கோணாமல் அனுப்பும் கெட்டிக்காரத்தனம்.

"இப்பவே சொல்லிக் கிளப்பாதீங்க ரீச்சர். அந்தப் புள்ள எவ்வளவு ஆசையா வருது! அன்பு காட்டுவம். அன்பில எல்லாம் தன்னால சரிவரும்."

அந்தப் பிள்ளை சனிக்கிழமைதோறும் கோயிலைக் கூட்டிக் கழுவியது. ஆடித் திருநாளுக்கு முந்நூறு பேருக்குச் சமைத்தது. பீடத்துக்குப் பூக் கட்டியது. எல்லோரும் அவளை நம்முடைய பூமலர் என்றார்கள். சொல்ல வேண்டியதை ஒருவரும் சொல்லவில்லை. ரீச்சரும் சொல்லவில்லை. ஒவ்வொரு சனியும் அடுத்த சனி என்று தள்ளித் தள்ளி ஒரு வருடம் போயிற்று.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு அடுத்த நாள் பூமலர் ரீச்சரின் வீட்டுக்கு வந்தாள். கையில் கடைப் பொதி. கதிரையில் உட்காரவும் பொறுமையில்லாமல் நின்றபடியே பிரித்தாள். வெள்ளைச் சாறி, ஓரத்தில் மெல்லிய நீலக் கரை.

"பாஸ்கா இரவில ஞானஸ்நானத்துக்கு உடுக்க ரீச்சர். சிலாபத்துக்குப் போய் எடுத்தனான். வாற ஞாயிறு ஞானஸ்நானம் எடுக்கிற ஆக்களிட பேர் வாசிக்கிறாங்கதானே, என்ட பேரும் வருமெண்டு உடப்பில அம்மாக்கும் சொல்லிப்போட்டன். அம்மா முதல்ல ஏசினா. பிறகு, உனக்கு நல்லதெண்டா எனக்கும் நல்லதுதான் எண்டா."

ரீச்சர் அந்தச் சாறியைத் தொட்டுப் பார்த்தார். "வடிவா இருக்கு" என்றார்.

அவள் படலையைச் சாத்திக்கொண்டு போன பிறகு அந்த இரண்டு சொல்லையும் நினைக்க நினைக்க ரீச்சருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. சாறியைப் பார்த்துச் சொன்னது உண்மைதான். அவளைப் பார்த்துச் சொன்னது பச்சைப் பொய்.

நேரே பங்குத்தந்தையின் வீட்டுக்குப் போனார். மாற்றலாகி வந்து இரண்டு மாதமேயான இளம் குருவானவர். பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இது நடக்கக்கூடிய காரியம்தான் ரீச்சர். விண்ணப்பம் போடலாம், சாட்சிகளைக் கேப்பாங்க, ஒரு வருஷம், ஒண்டரை வருஷம் எடுக்கும். ஆனா இந்தப் பாஸ்காவுக்கு முடியாது. போன வருஷமே தொடங்கியிருந்தா…" அவர் பதிவேட்டை மூடினார். "அந்த அக்காக்கு இது தெரியுமா?"

"தெரியாது சுவாமி."

"ஒருத்தரும் சொல்லல்லயா?"

"இல்ல."

சனிக்கிழமை காலை பங்குச்சபை கூடியது. பங்குத்தந்தை விஷயத்தைச் சொல்லி முடித்ததும் மனுவேல்தான் முதலில் பேசினார்.

"பேர் பட்டியல ஆயர் இல்லத்துக்கு அனுப்பப் பிந்திப்போச்செண்டு சொல்லுவம். அடுத்த வருஷம் பாப்பம். அடுத்த வருஷம் வேற ஒண்டு சொல்லலாம். புள்ள மனம் நோகாம இருக்கோணும், அதுதான் முக்கியம்."

செபக்குழுவை நடத்தும் டெல்மா கையை உயர்த்தினாள். "இதில மறைக்க என்ன கிடக்கு? பாவத்தில வாழுறாள். அவனை விட்டுட்டு வா, பிறகு ஞானஸ்நானத்தைப் பத்திக் கதைப்பம் எண்டு முகத்துக்கு நேரே சொல்லுங்கோ. சட்டம் சட்டம்தான்."

பொருளாளர் சிரித்தார். "சும்மா தண்ணிய ஊத்தி விடுங்க சுவாமி. ஆர் வந்து பாக்கப் போறது? கடவுளுக்குத் தேவை அன்புதானே."

ரீச்சர் மேசையில் அடித்தது அப்போதுதான்.

"என்ன அன்பு இது?" குரல் உடைந்து வெளியே மணிக்கூண்டு வரைக்கும் கேட்டது. "ஒரு வருஷமா அவள் இந்த நிலத்தைக் கழுவுறாள். உங்கட திருநாளுக்கு அடுப்படியில வெந்தாள். அந்த நேரம் ஒருத்தருக்கும் பதிவேடு ஞாபகம் வரல்ல! மனுவேலண்ணன், நீங்க அவளிட மனத்தைப் பாக்கல்ல. அவள் கோவிச்சுக்கொண்டு போனா ஆர் சமைக்கிறதெண்டு பாத்தீங்க. அதுக்கு அன்பெண்டு பேர் வைக்காதீங்க!"

மனுவேல் வாயைத் திறந்தார். ரீச்சர் விடவில்லை. டெல்மா பக்கம் திரும்பினார்.

"சட்டம் தெரிஞ்ச நீ, அந்தச் சட்டத்தில வழியும் இருக்கெண்டு ஏன் சொல்லல்ல? விசாரிக்க ஒரு நீதிமன்றம் வச்சிருக்கிறது ஆருக்கு? அலங்காரத்துக்கா? இரண்டு புள்ளையோட இருக்கிறவளைத் தெருவில விட்டுட்டு வா எண்டு சொல்ல உனக்கு ஆர் அதிகாரம் தந்தது? பாதிச் சட்டத்தைச் சொல்லி ஒருத்திய விரட்டினவள் நான். என்ட தங்கச்சிய. அதால சொல்றன், பாதியச் சொல்றது சட்டம் இல்ல."

பொருளாளரைப் பார்த்தபோது ரீச்சரின் குரல் தாழ்ந்துவிட்டது. "களவாத் தண்ணி ஊத்தச் சொல்றீங்க. நாளைக்கு ஆராவது அவளிட முகத்துக்கு நேரே உன்ட ஞானஸ்நானம் களவாக் குடுத்த ஞானஸ்நானம் எண்டா, நீங்க வந்து நிப்பீங்களா?"

சிந்திய தேத்தண்ணி மேசை விளிம்பால் சொட்டிக்கொண்டிருந்தது. பங்குத்தந்தை எழுந்தார். "ரீச்சர் சொன்னதுதான் சரி. இண்டைக்கே நான் போய்ச் சொல்றன்."

"இல்ல சுவாமி. முகத்துக்கு முன்னால இருந்து மறைச்சது நான். நான்தான் போகோணும்."

பூமலர் மைமூனா உம்மாவின் தோட்டத்தில் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். தூரத்தில் மின்சாரக் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ரீச்சர் வரப்பில் ஏறியதைக் கண்டதும் பாவாடையை இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். அந்தச் சிரிப்பு ரீச்சரைக் கொன்றது.

சுற்றி வளைக்கவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். நாளைக்குப் பெயர் வாசிக்கப்படாது என்றும், ஏன் என்றும், வழி இருக்கிறது என்றும், எவ்வளவு நாள் எடுக்கும் என்றும், அந்த வழி முடிவில் சரிவரும் என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது என்றும் சொன்னார். கடைசியாக, "இது எனக்கு இரண்டாம் மாசமே தெரியும்" என்றார்.

தண்ணீர் பாத்தியை நிரப்பி வரப்பு மேலால் வழிந்தது. அதைப் பூமலர் கவனிக்கவில்லை.

"தெரியுமா?"

"ஓம்."

"நான் அம்மாக்குச் சொன்னன் ரீச்சர். என்ட அண்ணன் சிரிச்சான். உன்னை அவங்க எடுக்க மாட்டாங்க, வேலை வாங்கிட்டு விட்டுடுவாங்க எண்டான். நான் அவனோட சண்டை பிடிச்சன், எங்கட கோயில் ஆக்கள் அப்படி இல்லையெண்டு." அவள் குரல் ஏறியது. "உங்கட சட்டத்தில எனக்குக் கோவம் இல்ல! தாலி கட்டினது கட்டினதுதான், அதை லேசா விட ஏலாதெண்டா அது நல்ல சட்டம்தான். என்ட மனுசன் நாளைக்கு என்னை விட்டுட்டுப் போனா எனக்கும் அந்தச் சட்டம் வேணும். ஆனா எனக்குச் சொல்லியிருக்கோணும்! நான் என்ன குழந்தையா? நீங்க எல்லாரும் கூடி இருந்து எனக்குப் பின்னால கதைச்சீங்க, எனக்கு முன்னால சிரிச்சீங்க."

ரீச்சர் தலையைக் குனிந்து நின்றார்.

"ஒண்டு கேக்கிறன். இந்த இடையில நான் செத்தா? அதுக்கும் மறுமொழி பிந்தித்தான் வருமா?"

"இல்ல பூமலர். சாகக் கிடந்தா அந்த நிமிசமே ஞானஸ்நானம் தரலாம், நானும் தரலாம். அதில்லாமலும், ஞானஸ்நானம் வேணுமெண்டு ஆசைப்பட்டு ஆயத்தம் செய்றவங்களைத் திருச்சபை இப்பவே தன்ட புள்ளையளாத்தான் வச்சிருக்கு. அது எங்கட படிப்பினை. நானாச் சொல்லல்ல."

பூமலரின் கண் நிரம்பியது. கோபத்திலா, வேறெதிலா என்று சொல்ல முடியாது. "அதையும் சேர்த்துத்தானே மறைச்சீங்க" என்றாள். "நான் இப்பவே உங்கட ஆளெண்டு ஒரு வருஷமா ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பூமலர் அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள்.

கேணியடியில் நின்ற மைமூனா உம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். ரீச்சர் கடந்து போகையில், "கேட்டுட்டன், கோவிச்சுக்காதீங்க" என்றார். "எங்கட பக்கத்திலயும் மார்க்கத்தைப் பாதி பாதியாச் சொல்ற ஆக்கள் இருக்கத்தான் செய்றாங்க. ஆனா நீங்க வந்து சொல்லிட்டீங்க. அந்தப் புள்ள இப்ப ஏசும். ஏசட்டும். நீங்க வாறத நிப்பாட்டிடாதீங்க."

ரீச்சர் நிப்பாட்டவில்லை. பூமலர் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ரீச்சர் ஒவ்வொரு சனியும் அவள் வீட்டுக்குப் போனார். முதல் மூன்று சனியும் அவள் வெளியே வரவில்லை, கிளமென்ற்தான் வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு கதைத்தான். ரீச்சர் பலகாரம் கொண்டுபோகவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. விண்ணப்பப் படிவம் கொண்டுபோனார். எந்த நாள், எந்த இடம், பெண்ணுக்கு அப்போது என்ன வயது, கட்டச் சொல்லி யார் நெருக்கியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அவனைக் கூட்டிக்கொண்டு, மறைமாவட்ட நீதிமன்றம் இருக்கும் சிலாபத்துக்கு நான்கு முறை பஸ் ஏறினார். வழக்கு முடியும்வரை இருவரும் வீட்டுக்குள் எப்படி வாழ வேண்டும் என்பதைப் பற்றிப் பங்குத்தந்தை அவர்களைத் தனியே இருத்திக் கதைத்தார். அது என்னவென்று டெல்மா துருவியபோது, "உனக்கு அதில ஒரு அலுவலும் இல்ல" என்று ரீச்சர் நடுத்தெருவில் வைத்துச் சொன்னார்.

ஆடித் திருநாள் நெருங்கியது. சமைக்க ஆள் இல்லை. மனுவேல் ரீச்சரைத் தேடிவந்து, "நீங்க ஒரு சொல் சொன்னா பூமலர் வருவாள்" என்றார்.

"ஓம், வருவாள். அதாலதான் சொல்ல மாட்டன். அவளிட வழக்குக்கு ஒரு சாட்சி வேணும். முதல் கல்யாணத்தண்டைக்குச் சாட்சிக் கையெழுத்து வச்சது நீங்கதானே? அந்தப் பொம்புளப் புள்ள அழுதழுது வந்ததை நீங்க கண்டதெண்டு ஊரே சொல்லுது. சிலாபத்துக்குப் போய் அதைச் சொல்லிட்டு வாங்க. பிறகு சோத்தைப் பத்திக் கதைப்பம்."

மனுவேல் முகம் கறுத்துத் திரும்பினார். ஆனால் இரண்டு கிழமைக்குப் பிறகு போய்ச் சாட்சி சொன்னார். அந்த வருடத் திருநாளுக்குக் கடையில் சோற்றுப் பொதி எடுத்தார்கள்.

அந்த ஆவணியில் ஒரு சனிக்கிழமை பூமலர் மண்டபத்துக்கு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பழைய இடத்தில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தாள்.

"கோவம் போகல்ல ரீச்சர். ஆனா உங்களோட இருக்கிற கோவத்துக்கு அவரோட கதைக்காம இருக்க ஏலாது. பாடத்தை நடத்துங்க."

விண்ணப்பம் போட்டு ஒரு வருடமும் ஐந்து மாதமும் சென்று தீர்ப்பு வந்தது. முதல் மனைவி இத்தாலியிலிருந்து எழுதி அனுப்பியிருந்தாள். தகப்பன் அடித்துக் கட்டிவைத்த திருமணம் என்று. மனச்சம்மதம் இல்லாத திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றது தீர்ப்பு. ஒரு புதன்கிழமை காலை பன்னிரண்டு பேர் முன்னிலையில் கிளமென்றும் பூமலரும் திருமணம் செய்தார்கள். அடுத்த பாஸ்காவுக்குப் பூமலர் ஞானஸ்நானம் பெற்றாள். ஞானத்தாயாக நின்றது எமரென்சி ரீச்சர். அம்மாவும் அண்ணனும் உடப்பிலிருந்து வந்து இரண்டாம் வரிசையில் இருந்தார்கள்.

பிறகு மண்டபத்தில் தேநீர். மனுவேல் எழுந்து பேசினார். இந்தப் பங்கு பூமலரைத் தொடக்கத்திலிருந்தே அன்போடு அணைத்து, பொறுமையோடு வழிநடத்தி, இன்றைக்கு இந்த நாளுக்குக் கொண்டுவந்திருக்கிறது என்றார். கை தட்டினார்கள். ரீச்சருக்குக் காது சுட்டது. எழும்பப் போனவரின் சேலைத் தலைப்பைப் பூமலர் பிடித்து இருத்தினாள்.

"இருங்க ரீச்சர். அவர் சாட்சி சொன்னவர்தானே."

"அதுக்காக?"

"அதுக்காக இல்ல. அண்ணன் வந்திருக்கான். அவனுக்கு முன்னால எங்கட வீட்டுச் சண்டை வேணாம்."

எங்கட வீடு என்றாள். ரீச்சர் இருந்துவிட்டார். ஆனால் மறுநாள் மனுவேலின் கடற்கரை வாடிக்குப் போய், மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் கேட்கக் கேட்கச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்தார். மன்னிப்பு என்ற சொல் மனுவேலின் வாயிலிருந்து இன்றுவரை வரவில்லை. டெல்மா வாயிலிருந்தும் வரவில்லை. ரீச்சருக்கு அது இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் அவர் நினைக்கவில்லை.

இந்த வருடம் வகுப்புக்கு மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ருவான் என்ற லொறிச் சாரதி பாலாவி உப்பளத்தில் வேலை செய்பவன். கத்தோலிக்கப் பெண் ஒருத்தியோடு குடும்பமாக இருக்கிறான், அவளுக்கும் பழைய திருமணம் ஒன்று உண்டு. முதல் சனியே ரீச்சர் அவனைத் தனியே இருத்தி, இருப்பதை இருக்கிறபடி, வழியோடு சேர்த்துச் சொன்னார். அவன் மரியாதையாகக் கேட்டான். அடுத்த கிழமை வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் மனுவேல். "முதல் நாளே விரட்டிட்டீங்க."

ரீச்சருக்கு அது சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் கதிரையில் இருந்தார். சொன்ன விதத்தில் எங்கேயாவது கடுமை இருந்ததா என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தார். ஓரிரண்டு இடத்தில் இருந்ததுபோலத்தான் பட்டது. ஆனால் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று மட்டும் எந்த இடத்திலும் படவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் பாலாவி பஸ்ஸில் ஏறினார். ருவான் குடியிருந்த வரிசை வீட்டைக் கண்டுபிடித்தார். அவன் திடுக்கிட்டு, சேர்ட்டை மாட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தான்.

"ரீச்சர், நான் இன்னும் யோசிக்கல்ல…"

"அதைக் கேக்க வரல்ல தம்பி. உங்கட பொம்பிளைக்குக் கால் வீக்கமெண்டு அண்டைக்குச் சொன்னீங்க. இப்ப எப்படி?"

அவன் உள்ளே பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். நொண்டிக்கொண்டு வந்த பெண் பால் விடாத பிளேன்ரி ஊற்றிக் கொடுத்தாள். மழை பிந்தினால் உப்பு நல்லாய் விளையும், வெங்காயம் கெட்டுப்போகும் என்று மூவரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பைப் பற்றி ரீச்சர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அவர் சொல்லியாகிவிட்டது. எழும்பும்போது, வாற ஞாயிறும் வருவேன் என்று மட்டும் சொன்னார். சொன்னபடி அடுத்த ஞாயிறும் போனார்.